புயலுக்கு ஏற்ற மோட்டார்

"தள்ளு! இன்னும் தள்ளு! கடைசி வரைக்கும் தள்ளு!" என்று குளியலறைத் தொட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி கத்தினார் கணக்கு வாத்தியார்.

"தள்ளியாச்சுங்க. இதுக்கு மேல தள்ளினா குச்சி உடைஞ்சு கையோட வந்துடும்," என்றாள் வாசற்படியில் நின்றிருந்த அவர் மனைவி.

ரிமோட் அவள் கையில் இருந்தது. படகு வாத்தியார் கையில் இருந்தது. படகின் வாலில் ஒரு கயிறு, கயிற்றின் மறுமுனையில் ஊருக்குப் போகும்போது பெட்டியை எடை போடுகிற கொக்கித் தராசு. தண்ணீரைக் கலக்கிக்கொண்டு படகு முன்னால் போகத் துடித்தது. தராசின் முள் கொஞ்சம் நகர்ந்து, அதற்கு மேல் போக மனமில்லாமல் நின்றது.

"எவ்வளவுங்க இழுக்குது?"

"முக்கால் கிலோ." வாத்தியாரின் முகம் தொங்கிப்போயிற்று. "பல் டாக்டர் படகு ஒண்ணரைக் கிலோ இழுக்குதாம்."

"இழுக்கறதுதானே அவருக்குத் தொழில்."

வாத்தியாருக்குச் சிரிப்பு வரவில்லை. படகைத் தூக்கித் துண்டால் துடைத்து, காய்ச்சல் கண்ட குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். போட்டிக்கு இன்னும் மூன்றே வாரம்.

பூங்காக் குளத்தில் வருடா வருடம் ரிமோட் படகுப் போட்டி நடக்கும். வாத்தியார் ஐந்து வருடங்களாகக் கலந்துகொள்கிறார். ஐந்து வருடமும் கடைசி. படகின் இரண்டு பக்கமும் சிவப்புப் பெயின்ட்டில் 'புயல்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். குளத்தங்கரையில் எல்லோரும் அதைத் 'தென்றல்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

முதல் பரிசு எப்போதும் பல் டாக்டருக்கு. டாக்டர் நல்ல மனிதர். வாத்தியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. கர்வம் பிடித்தவராக இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருக்கலாம். அவரோ, வளைவில் குப்புறக் கவிழ்ந்து கிடக்கும் புயலை நீளக் கொம்பால் இழுத்துக் கரை சேர்த்து, ஈரம் துடைத்துக் கொடுத்துவிட்டு, "மோட்டார்ல ஒரு குறையும் இல்ல சார். மிதவைகிட்ட வரும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுக்குங்க, அது போதும்," என்பார். ஐந்து வருடமும் இதே வாக்கியம்.

வேகத்தைக் குறைத்து வேகப் போட்டியில் ஜெயிப்பதா? வாத்தியார் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவர். அவருடைய கணக்கில் அதற்கு இடமே இல்லை. குறை மோட்டாரில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

போன வருடம் பரிசளிப்பு விழாவில் கடைசியாக வந்தவருக்கு ஆறுதல் பரிசு கொடுக்கக் கூப்பிட்டபோது, வாத்தியார் மேடையேறி மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான் ஒரே ஒரு தடவை ஜெயிச்சுட்டேன்னா, அன்னைக்கே படகை ஷோகேஸ்ல வச்சுப் பூட்டிடுவேன். என்னோட பின்னறையைக் காலி பண்ணி என் மனைவியோட தையல் வகுப்புக்குக் கொடுத்துடுவேன். இது சபதம். ஆனா ஜெயிக்கிற வரைக்கும் ஓயமாட்டேன்!"

குளக்கரையே அதிரும்படி கைதட்டினார்கள். வாத்தியாரின் மனைவி மட்டும் தட்டவில்லை. இவர் ஜெயித்து, தனக்கு அறை கிடைத்து, அதற்குள் தனக்குக் கண் தெரியுமா, ஊசியில் நூல் கோக்க முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவள் கவலை நியாயமானது. டெய்லரம்மா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர்கள் கிடையாது. நான்கு தையல் மிஷின், ஆறு மாணவிகள். மூன்று மிஷின் கூடத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. நான்காவது சமையலறை வாசலில். ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால் அந்த மிஷினில் தைக்கிற பெண் எழுந்து, நாற்காலியை மடக்கி, வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இரண்டு பெரிய ஆர்டர்களை இடமில்லை என்று திருப்பி அனுப்பியாகிவிட்டது. பின்னறையிலோ இரண்டு ஜன்னல், நல்ல வெளிச்சம், நீளமான மேஜை. அதில் புயல் மல்லாந்து படுத்திருந்தது.

"இந்த வருஷமாவது ஜெயிச்சுடுவீங்களா?" என்று கேட்டாள்.

"கணக்குப்படி ஜெயிச்சே ஆகணும்."

"கணக்குப்படி போன வருஷமே ஜெயிச்சிருக்கணுமே?"

வாத்தியார் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார்.

பொம்மை விமானமும் படகும் விற்கிற கடைக்காரர் ஒரு மோட்டார் பெட்டியை எடுத்து வைத்தார். அதன் மேல் இரண்டாயிரம் என்று போட்டிருந்தது.

"ஒரு வோல்ட் கொடுத்தா நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்து சுத்தும் சார். உங்க படகுல இப்போ இருக்கறதும் இதுதான். உங்க உடம்புக்கு, அதாவது படகோட உடம்புக்கு, இதுவே அளவு."

"நாலாயிரம் இருக்கா?"

"இருக்கு. ஆனா அது குட்டிப் படகுக்கு. உங்க படகுல போட்டா கரன்ட்டை உறிஞ்சித் தள்ளிடும். அப்புறம் கன்ட்ரோலர்…"

"என் பேட்டரி பதினோரு வோல்ட். ரெண்டாயிரத்தால பெருக்கினா இருபத்திரண்டாயிரம். நாலாயிரத்தால பெருக்கினா நாற்பத்து நாலாயிரம். ரெண்டு மடங்கு வேகம். பெருக்கல்ல தப்பு இருக்கா?"

"பெருக்கல் சரிதான் சார்."

"அப்போ பெட்டியில போடுங்க."

அன்று சாயங்காலமே தொட்டியில் சோதனை. மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து ரிமோட்டைப் பிடித்தாள். குச்சியைப் பாதி கூடத் தள்ளவில்லை. தராசு முள் துள்ளி ஒரு கிலோவைத் தாண்டியது.

"பாத்தியா! பாத்தியா!" என்று வாத்தியார் கூவினார்.

"பாத்தேன். புகை வருதே, அதையும் பாத்தேன்."

பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து மின்சாரத்தை அளந்து விடுகிற தீப்பெட்டி அளவு சாமானுக்குத்தான் கன்ட்ரோலர் என்று பெயர். அது தன் கடமையைச் செய்ய முயன்று கருகிப்போயிருந்தது. வீடு முழுவதும் ரப்பர் எரிந்த நாற்றம். மாணவிகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தைத்தார்கள்.

மறுநாள் வாத்தியார் மறுபடி கடைக்குப் போய் மும்மடங்கு பெரிய கன்ட்ரோலராக வாங்கி வந்தார். கடைக்காரர், "இது தாங்கும். ஆனா இப்போ பேட்டரி தாங்காதே," என்று ஆரம்பித்தபோது வாத்தியார் தெருமுனையைத் தாண்டியிருந்தார்.

கடைக்காரர் வாக்கு பலித்தது. இந்தத் தடவை புகை வரவில்லை. பேட்டரிதான் வயிறு முட்டச் சாப்பிட்டவன் மாதிரி உப்பிக்கொண்டே போனது. வாத்தியார் அதை இடுக்கியால் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஓடினார்.

"எங்க வைக்கிறது? எங்க வைக்கிறது?"

"என் துணி மேல மட்டும் வைக்காதீங்க!"

கடைசியில் கொல்லைப்புறத்தில் இருந்த மணல் வாளியில் புதைத்தார்கள். அரை மணி நேரம் இருவரும் எட்டி நின்று வாளியைக் காவல் காத்தார்கள். கல்யாணமான புதிதில் கடற்கரையில் உட்கார்ந்திருந்ததற்குப் பிறகு அவர்கள் இவ்வளவு நேரம் மணலைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றது இதுதான் முதல் தடவை.

"ஏங்க, டாக்டர் சொல்றாரே, வளைவுல வேகத்தைக் குறைக்கச் சொல்லி. அதைச் செஞ்சுதான் பாருங்களேன்," என்றாள் மனைவி. "மிஷின்ல காலர் தைக்கும்போது மூலை வந்தா காலைக் கொஞ்சம் எடுக்கறோம்ல? இல்லேன்னா துணி சுருட்டிக்கும்."

"தண்ணி வேற, துணி வேற. உனக்குப் புரியாது."

"சரி," என்றாள் அவள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாத்தியாருக்கு அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே அடுத்த யோசனை உதித்துவிட்டது. ஒரு பேட்டரி தாங்காவிட்டால் என்ன, கையிருப்பில் இருக்கிற இரண்டையும் போட்டால் ஆளுக்குப் பாதி சுமைதானே! இரண்டையும் வால் பிடித்துக் கோத்தால் இருபத்திரண்டு வோல்ட். நாலாயிரத்தால் பெருக்கினால் எண்பத்தெட்டாயிரம். அந்த எண்ணைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கையில் கிடைத்த பழுப்புக் காகிதத்தில் வேகம் ஏறுவதை வளைகோடாக வரைந்து, சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

காலையில் ஒரு மாணவி அந்தக் காகிதத்தை டெய்லரம்மா வரைந்து வைத்த சட்டைக் கை அளவு என்று நினைத்துக்கொண்டாள். வளைகோட்டின் மேல் கத்தரியை ஓட்டி, நல்ல துணியில் இரண்டு சட்டைக் கை வெட்டித் தைத்தே விட்டாள். தோளில் ஆரம்பித்து முழங்கையில் திடீரென்று பூதமாக விரிந்து நின்றது அந்தக் கை.

"இது எந்த மாடல் டீச்சர்?" என்று கேட்டாள் மாணவி.

"எண்பத்தெட்டாயிரம் மாடல்," என்று பெருமூச்சு விட்டாள் டெய்லரம்மா.

இரட்டைப் பேட்டரிச் சோதனைக்குத் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்தார் வாத்தியார். மனைவி முன்ஜாக்கிரதையாகக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் குச்சியைத் தொட்டாள். தொட்டாள், அவ்வளவுதான். வீலென்று ஒரு சத்தம். படகு ஓர் அங்குலம் கூட நகரவில்லை. படகின் வால் விசிறி அத்தனை வேகத்தில் சுற்றியதில் தண்ணீரைப் பிடித்துத் தள்ள அதற்கு நேரமே இல்லை. தண்ணீரை அள்ளி வீசத்தான் நேரம் இருந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதும் கூரைக்குப் போய், அங்கே இடமில்லாமல் வாத்தியார் தலையில் இறங்கியது. சத்தம் நின்றபோது மோட்டார் செத்திருந்தது.

குடைக்குள்ளிருந்து மனைவி கேட்டாள். "எவ்வளவு இழுத்ததுங்க?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிப் பிழிந்தார். அதாவது, பிழிகிற மாதிரி துடைத்தார்.

மூன்றாவது தடவை கடைக்குப் போனபோது கடைக்காரர் பேசவே இல்லை. வாத்தியாரே பேசினார். "பெரிய உடம்பு உள்ள மோட்டாரா கொடுங்க. சூடே ஆகக் கூடாது." கடைக்காரர் கொடுத்தார். அது முன்கைப் பருமன் இருந்தது. படகுக்குள் போகவில்லை என்பதால் வாத்தியார் படகின் மேல்தளத்தை அறுத்தார். அந்த மோட்டாருக்குச் சாப்பாடு போட இரண்டு பெரிய பேட்டரி. எல்லாம் சேர்த்து எடை போட்டால் புயல் பழைய எடையைப் போல இரண்டு மடங்கு.

தொட்டியில் விட்டதும் வால் மூழ்கி மூக்கு மேலே போயிற்று. பேட்டரியை முன்னால் நகர்த்தினார். மூக்கு மூழ்கி வால் மேலே போயிற்று. வாலில் ஈயக் கட்டிகளைக் கட்டினார். இப்போது படகு மிகவும் நேராக, ஒரு பக்கமும் சாயாமல், கௌரவமாக, தொட்டியின் அடிக்குப் போய் உட்கார்ந்தது.

"நேராத்தான் இருக்கு," என்றாள் மனைவி.

இது நடந்தது போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம். புது மோட்டார் தண்ணீர் குடித்துவிட்டது. பெரிய பேட்டரிகளைத் தொட வாத்தியாருக்கே பயம். அவர் பின்னறை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். முதல் தடவையாக அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "ஆறாவது வருஷமும் கடைசிதான்," என்றார்.

மனைவி மேஜை இழுப்பறையைத் திறந்து, மூன்று வாரத்துக்கு முன்னால் கழற்றிப் போட்ட பழைய மோட்டாரையும், பழைய அளவில் மிச்சமிருந்த பேட்டரிகளில் ஒன்றையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதையே போடுங்க. அறுத்த மேல்தளத்துக்கு நான் மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட் வெட்டி ஒட்டித் தர்றேன். எடையும் குறையும்."

வாத்தியார் பழைய மோட்டாரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார். எடை குறைந்தால் இவ்வளவு, பெரிய கன்ட்ரோலர் சூடாகாததால் இவ்வளவு என்று எழுதிக் கூட்டினார். கூட்டக் கூட்ட முதுகு நிமிர்ந்தது. ஒரு பக்கம் நிரம்புவதற்குள் பழைய மோட்டார் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பாக மாறிவிட்டது.

"நான் ஆரம்பத்துலயே சொன்னேனே, இந்த உடம்புக்கு இதுதான் அளவுன்னு!"

"சொன்னீங்க, சொன்னீங்க," என்றாள் மனைவி, பிளாஸ்டிக்கை வெட்டிக்கொண்டே.

போட்டி நாளன்று குளக்கரையில் நல்ல கூட்டம். ரிமோட் மேஜையில் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ஒருவர் ரிமோட்டை இன்னொருவர் தெரியாமல் முடுக்கிவிட்டால் படகுகள் குழம்பிப்போகும் என்பதால், வந்த உடனே எல்லோரும் ரிமோட்டை அவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். தன் ஓட்டத்துக்கு முன்னால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். கையெழுத்து விஷயத்தில் போஸ்ட் மாஸ்டர் கறார். கலெக்டரே வந்தாலும் கோட்டுக்கு மேல்தான் போட வேண்டும்.

வாத்தியாருக்கு அன்று எதற்குமே கை ஓடவில்லை. பேட்டரியை ஒரு விரல்கடை முன்னால் நகர்த்துவார், அரை விரல்கடை பின்னால் இழுப்பார், மறுபடி பென்சிலை எடுப்பார்.

"ஏங்க, கூப்பிட்டாச்சு. படகைத் தண்ணியில விடுங்க," என்றாள் மனைவி. "நான் அந்த மரத்தடி பெஞ்சுல போய் உக்காந்துக்கறேன். வெயில் தாங்கல."

வாத்தியார் அவசர அவசரமாகப் பேட்டரியைக் கட்டி, புயலைத் தண்ணீரில் இறக்கிவிட்டு, மேஜைக்கு ஓடினார். போஸ்ட் மாஸ்டர் நாற்காலியில் இல்லை. விசில் ஊதுகிறவருக்கு விதிமுறை சொல்லிக் கொடுக்கக் கரைக்குப் போயிருந்தார். மற்ற நான்கு பேரும் ஏற்கெனவே தண்ணீரோரம் படகு ஓட்டுகிற மேடையில் நின்றார்கள். மேஜை ஓரத்தில் ஒரே ஒரு ரிமோட் மிச்சம் இருந்தது. எல்லோரும் ஒரே கடையில் வாங்கிய ரிமோட்டுகள், எல்லாம் ஒரே அச்சு. வாத்தியார் அதைப் பாய்ந்து எடுத்து, ஸ்விட்சைத் தட்டிக்கொண்டே மேடைக்கு ஓடினார். ரிமோட் பஞ்சு மாதிரி லேசாக இருந்தது. இன்றைக்கு நமக்குக் கை நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

விசில் ஒலித்தது.

வாத்தியார் குச்சியைக் கடைசி வரை தள்ளினார். ஐந்து படகும் பாய்ந்தன. புயல் மூன்றாவதாகப் போயிற்று. மூன்றாவது! அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முதல் மிதவை நெருங்கியது. பழக்கம் விடுமா, குச்சியை இம்மியும் பின்வாங்காமல் அப்படியே திருப்பினார். கரையில் நாலைந்து பேர் "போச்சு!" என்றார்கள். டாக்டர் கூடக் கண்ணை மூடிக்கொண்டார்.

புயல் கவிழவில்லை. மிதவைக்குப் பக்கத்தில் வந்ததும் மரியாதையாக வேகத்தைக் குறைத்தது. மிதவையை உரசினாற்போல் திரும்பியது. திரும்பி முடித்ததும் சீறிக்கொண்டு கிளம்பியது.

'வளைவுல பேட்டரி தானா மூச்சு வாங்கிக்குது!' என்று வாத்தியார் மலைத்துப் போனார். 'எடை குறைஞ்சதோட பலன்!' கணக்கு இவ்வளவு அழகாக வேலை செய்து அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

இரண்டாவது சுற்றில் புயல் இரண்டாவது இடம். வியர்வை கண்ணில் இறங்கியது. வாத்தியார் ஒரு கையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். படகு கொஞ்சம் கூடத் தடுமாறவில்லை. அவர் வலது பக்கம் திருப்ப நினைப்பதற்கு முன்பே அது வலது பக்கம் திரும்பிவிட்டது. நல்ல மோட்டாரும் நல்ல பேட்டரியும் மனமொத்துப் போனால் இப்படித்தான் மனசில் நினைப்பதைக் கூடத் தெரிந்துகொள்ளும் போலிருக்கிறது!

பெருமையை யாரிடமாவது காட்ட வேண்டுமே என்று மரத்தடியைப் பார்த்தார். மனைவி மடியில் தையல் பையை வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மணிக்கட்டு வரை பைக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். அவருக்குச் சுருக்கென்றது. கட்டின புருஷன் சரித்திரம் படைத்துக்கொண்டிருக்கிறான், இவள் நூல்கண்டைத் தேடுகிறாளே!

மூன்றாவது சுற்று. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. "தென்றல்! தென்றல்!" என்று கத்தினவர்கள், "புயல்! புயல்!" என்று மாறினார்கள். முன்னால் டாக்டரின் படகு, ஒட்டினாற்போல் புயல். கடைசி மிதவையில் டாக்டர் ஒரு முழம் தள்ளித் திரும்பினார். அந்த ஒரு முழ இடுக்கில் புயல் நுழைந்தது. காலர் மூலையைத் திருப்புகிற மாதிரி ஒரு நொடி நின்று, திரும்பி, கோட்டை நோக்கிப் பாய்ந்தது. ஒரு படகு நீளத்தில் ஜெயித்தது.

வாத்தியார் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆடினார். ஆறு வருடம்! யார் யாரோ கட்டிப்பிடித்தார்கள். அவர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை. டாக்டர் முதல் ஆளாக ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"பிரமாதம் சார்! நான் இத்தனை வருஷத்துல இப்படி ஒரு ஓட்டம் பார்த்ததில்ல. ஒவ்வொரு வளைவுலயும் வேகத்தைக் குறைச்சீங்க பாருங்க!"

"குறைக்கவே இல்ல டாக்டர். ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் முழு வேகம்தான்!"

"இல்லையே, குறைஞ்சுதே…"

"அதுதான் மோட்டார் தேர்வு." வாத்தியார் அவர் தோளில் கை போட்டார். "எழுதிக்குங்க, சொல்றேன்." டாக்டர் நிஜமாகவே பேனாவை எடுத்தார். சுற்றி நின்ற பத்துப் பேரும் எழுதிக்கொண்டார்கள். பழைய மோட்டார், ஒற்றைப் பேட்டரி, பிளாஸ்டிக் மேல்தளம், வளைவில் பேட்டரி மூச்சு வாங்கும் தத்துவம் என்று கால் மணி நேரம் வகுப்பு நடந்தது.

பிறகு மேடைக்குக் கூப்பிட்டுக் கோப்பையைக் கொடுத்தார்கள். மைக்கையும் கொடுத்தார்கள். வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஒரு கையில் கோப்பை, மறு கையில் இன்னமும் ரிமோட்.

"போன வருஷம் இதே இடத்துல ஒரு சபதம் போட்டேன். ஜெயிச்சா ஓய்வு, பின்னறை என் மனைவிக்குன்னு. எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்."

"இருக்கு! இருக்கு!" என்றது கூட்டம். முன்வரிசைக்கு வந்து நின்றிருந்த மனைவி தையல் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் மனக்கண்ணில் நான்கு மிஷின்களும் இரண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக நின்றன. ஃபிரிட்ஜ் தானாகவே திறந்துகொண்டது.

"ஆனா," என்றார் வாத்தியார்.

மனைவியின் முகம் மாறியது.

"ஆனா, இன்னைக்கு இந்தக் கை செஞ்ச வேலையை நீங்க எல்லாரும் பார்த்தீங்க. இப்படி ஒரு கையை வச்சுக்கிட்டு நான் எப்படி ஓய்வு எடுக்கறது? அது இந்த விளையாட்டுக்குச் செய்யற துரோகம் இல்லையா? அடுத்த வருஷம் ரெண்டு மோட்டார் வச்ச படகோட வர்றேன். அதுக்குப் பின்னறை பத்தாது. கூடத்துலயும் கொஞ்சம் இடம் தேவைப்படும்."

"ஏங்க, சொன்ன சொல்லு?" என்று கீழேயிருந்து கேட்டாள் மனைவி. குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டம் அடங்கிவிட்டது.

"சொன்ன சொல் முக்கியம்தாம்மா. அதைவிடத் திறமை முக்கியம்! இந்த மாதிரி உன்னால ஓட்ட முடியுமா? டாக்டரால முடியுமா? ஊர்ல வேற யாராலயாவது முடியுமா?" என்று ரிமோட்டை உயர்த்திக் காட்டினார் வாத்தியார்.

அந்த நேரத்தில்தான் போஸ்ட் மாஸ்டர் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு இரைக்க மேடையேறி வந்தார். மைக் திறந்தே இருந்தது.

"ஏன் சார், மேஜையில இருந்த சாமானைக் கையெழுத்துப் போடாம எடுத்துட்டு வர்றதா? அது புதுசா வர்றவங்களுக்கு விதிமுறை சொல்லிக் காட்டறதுக்கு வச்சிருக்கற வெறும் கூடு, உள்ள பேட்டரி கூடக் கிடையாது. உங்க ரிமோட்டைத்தான் போட்டிக்கு முன்னாடியே உங்க வீட்டம்மா முறைப்படி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்களே!"